மேற்கு நீரிணையில் நின்ற பச்சைப் படகு

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. இன்று எனக்கு வயது எழுபத்தெட்டு ஆண்டுகள், நான்கு மாதங்கள், ஒன்பது நாட்கள்.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு நீயும் நலமாகத்தான் இருப்பாய். கோபமாக இருக்கும் காலங்களில் உன் உடம்பு ஒருபோதும் கெட்டதில்லை. வயதை நாள் கணக்காக மேலே எழுதியிருப்பது பிறந்தநாளை நினைவூட்ட அல்ல. போன ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு மரப்படகை எங்கே நகர்த்துவது என்று நீ யோசித்த நேரம் நாற்பத்தொரு நிமிடம். எனக்கு மிச்சமிருக்கும் காலத்தில் அது எத்தனையில் ஒரு பங்கு என்று கணக்கிட்டுப் பார்த்தேன். புள்ளியியல் படித்துவிட்டு முப்பத்தைந்து வருடம் வானிலை அலுவலகத்தில் உட்கார்ந்து எழுந்தவளுக்கு இதெல்லாம் பொழுதுபோக்கு. விடையை உனக்குச் சொல்வதாக இல்லை. சொன்னால் அதற்கும் ஒரு திருத்தம் அனுப்புவாய்.

நேற்று உன் மனைவி கையில் கொடுத்தனுப்பிய கடிதம் கிடைத்தது. கடிதம் என்பது மரியாதைக்குச் சொல்வது. பதினொரு பக்கம், பக்கத்துக்குப் பக்கம் எண், ‘ஒரு வியூக ஆட்டத்தில் இன்பம் தருபவை எவை’ என்று தலைப்பு, 3.2, 3.2.1 என்று உட்பிரிவுகள், கையொப்பத்துக்கு மேலே ஒரு நிபந்தனை: ஞாயிறன்று நான் சொன்னதை எழுத்துமூலம் திரும்பப் பெற்றால்தான் இனி என் வீட்டுப் படியை மிதிப்பாயாம். வாழ்நாளெல்லாம் பாலங்களைப் பற்றி அறிக்கை எழுதிய கைக்கு வேறு மாதிரி எழுத வராது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாலம் வேறு, பலகை வேறு. பாலத்தில் எதிர்பாராத ஒன்று நடந்தால் விசாரணைக் குழு வரும். பலகையில் எதிர்பாராத ஒன்று நடக்காவிட்டால் எனக்குக் கொட்டாவி வரும்.

நாற்பத்தைந்து வருடமாக நாம் ஆடும் தீவாட்டத்தை விளக்கவே உனக்கு இரண்டு பக்கம் தேவைப்பட்டிருக்கிறது. எனக்கு நாலு வரி போதும். நீலப் பலகையில் ஐந்து தீவுகள். ஆளுக்கு ஆறு படகு, உனக்குப் பச்சை, எனக்குச் சிவப்பு. காற்றுப் பகடையை உருட்டினால் எத்தனை கட்டம் போகலாம் என்று அது சொல்லும். எந்தப் படகு, எந்தப் பக்கம் என்பது நம் மூளை. ஏழு துறைமுகங்களை முதலில் இணைப்பவர் வென்றார். மேற்கு நீரிணையில் ஒரு படகுக்குத்தான் இடம் என்பதால் அங்கே நிற்பவன் மற்றவர் வழியை அடைத்துவிடலாம். அவ்வளவுதான். ஊற்றிவைத்த தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாத ஆட்டம் ஆட்டமே அல்ல, அது வேலைவாய்ப்பு.

இனி ஞாயிற்றுக்கிழமை. நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனால் உன் அறிக்கையில் நடந்திருப்பது வேறு ஒரு ஞாயிற்றுக்கிழமையாக இருப்பதால் நான் பார்த்ததை எழுதிவைக்கிறேன். நான்கு மணிக்கு நீ, உன் மனைவி, கீழ்வீட்டுப் பல் டாக்டர், நான், நான்கு பேரும் என் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். நான்கு இருபதுக்கு உன் முறை வந்தது. நீ முகவாயில் கை வைத்தாய். நான் தேநீர் போட்டேன், குடித்தோம், கோப்பைகளைக் கழுவினேன், உன் மனைவி துடைத்துவைத்தாள், நீ கை மாற்றி வைத்தாய். அந்த நேரத்தில் டாக்டருக்குக் கீழே கிளினிக்கிலிருந்து அழைப்பு. யாரோ தாடையைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறாராம். “போயிட்டு வாங்க டாக்டர், இவன் எங்கேயும் போயிட மாட்டான்” என்றேன். அவர் இறங்கிப் போய், மரத்துப்போக ஊசி போட்டு, மரத்துப்போகும்வரை காத்திருந்து, பல்லைப் பிடுங்கி, கை கழுவி மேலே வந்தார். வந்தவர் பிடுங்கப்பட்டவரையும் கூட அழைத்துவந்தார், அரை மணி நேரம் பார்வையிலேயே இருக்க வேண்டும் என்று. வாயில் பஞ்சோடு ஒரு பஸ் டிரைவர்.

“யார் இது?” என்று கேட்டாய்.

“கடைவாய்ப் பல்” என்றார் டாக்டர்.

கடைவாய்ப் பல் பலகையைச் சுற்றி வந்து ஒரு நோட்டம் விட்டார். பிறகு கையை நீட்டி மேற்கு நீரிணையைக் காட்டினார்.

“வெளியாள் பேசக் கூடாது!” என்றாய்.

“பேசவேண்டாம்னுதான் நானும் சொல்லியிருக்கேன் சார். அவர் பேசலையே.”

“கையைக் காட்டறாரே!”

“அவர் காட்டறதும் நல்ல இடமாத்தாங்க தெரியுது” என்றாள் உன் மனைவி. நீ அவளைப் பார்த்த பார்வையில் உறுதியான பாலம்கூட இடிந்து விழுந்திருக்கும்.

அப்போதுதான் நான் எழுந்துபோய், முட்டை வேகவைக்கும்போது முறுக்கிவைக்கும் சின்ன மணியைக் கொண்டுவந்து, இரண்டு நிமிடத்துக்கு முறுக்கி உன் முன்னால் வைத்தேன். இதை உன் அறிக்கை 5.3-இல் ‘உளவியல் தாக்குதல்’ என்கிறது. முட்டைகள் இதுவரை அப்படி முறையிட்டதில்லை. மணி அடித்தது, நீ தூக்கிவாரிப் போட்டு எழுந்தாய், உன் முழங்கால் மேசையின் அடியில் இடித்தது, இருபத்து நான்கு படகுகளும் கடலைவிட்டு நாலா பக்கமும் ஓடின. சரி, விபத்து, இன்னொரு ஆட்டம் ஆடலாம் என்று எல்லாரும் சொன்னோம். நீதான் கேட்கவில்லை. எல்லாம் உன் தலைக்குள் அப்படியே இருக்கிறது என்று சொல்லி, ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கண்ணை மூடிக்கொண்டு, திறந்து, அடுக்கினாய். அதற்கு இருபத்தாறு நிமிடம்; அதை நாற்பத்தொன்றில் நான் சேர்க்கவில்லை. அடுக்கி முடித்தபோது உன் பச்சைப் படகு ஒன்று நீரிணை வாயில் நின்றுகொண்டிருந்தது.

“இது இங்க இல்லடா. ஒரு கட்டம் தெற்கே இருந்துச்சு” என்றேன்.

“இங்கதான்கா இருந்துச்சு.”

“அங்கே இருந்திருந்தா நீ நாற்பத்தொரு நிமிஷம் எதை யோசிச்சே?”

டிரைவர் பஞ்சோடு சிரிக்க முயன்றது தவறுதான். டாக்டர் அவரைக் கண்டித்தார். நீ எழுந்து நின்று, மேல்சட்டையை எடுத்து, ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு சொன்னாய்: “இத்தனை வருஷத்துல என் படகு எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியாம இருந்ததே இல்லை. நீ என்னைப் பொய்யன்னு சொல்றே, இல்ல கிழவன்னு சொல்றே. எதுன்னு முடிவு பண்ணிட்டு எழுதியனுப்பு.” கதவைச் சாத்திக்கொண்டு போனாய். மனைவியை இங்கேயே விட்டுவிட்டுப் போனதைப் பேருந்து நிறுத்தத்தில்தான் கவனித்தாய் என்று அவள் பிறகு சொன்னாள்.

உன் கொள்கைக்கு வருகிறேன். பகடையை எடுத்தெறிய வேண்டும், பேச்சு கூடாது, தற்செயலுக்கு இடமே இல்லாத ஆட்டம்தான் தூய ஆட்டம் என்கிறாய். சான்றாக, 4.1-இல், முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்தைய உன் புகழ்பெற்ற வெற்றியை எடுத்துவைக்கிறாய்: பச்சைப் படகை நீரிணை வாயில் நிறுத்தி, என் படகுகளில் மூன்றை உள்ளே அடைத்து, மூன்றே நகர்த்தலில் முடித்த ஆட்டம். அதற்கு ‘பூட்டு’ என்று நீயே பெயர் வைத்தாய். கல்யாண வீட்டிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அதை விவரித்தாய். அதில் அணுவளவும் அதிர்ஷ்டம் இல்லை, முழுக்க முழுக்கக் கணக்கு என்கிறாய். இருக்கட்டும். நான் என் தொழிலில் கற்றது ஒன்றே ஒன்று: நன்றாகக் கணித்தும் பொய்த்துப்போகலாம், அதில் அவமானம் இல்லை. நான் மழை என்று சொன்ன எத்தனையோ நாளில் ஊரே குடையைச் சுமந்துகொண்டு வெயிலில் நடந்தது. அடுத்த நாள் காலை நான் மறுபடி உட்கார்ந்து கணித்தேன். அந்த மறுபடிதான் ருசி. காற்றே அடிக்காத கடலில் படகு எதற்கு? முன்கூட்டியே எல்லாம் தெரியுமென்றால் விளையாட வேண்டாம், முடிவை அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம். பேச்சும் அப்படித்தான். “அங்க வராதே, வந்தா அடைச்சிடுவேன்” என்று உன் மனைவி தேன் குழைத்து மிரட்டுவதும், டாக்டர் “வலிக்காது” என்று சொல்லிக்கொண்டே என் துறைமுகத்தைப் பிடுங்குவதும் இல்லாமல் எனக்கு எதற்கு ஆட்டம்? மௌனமாக உட்கார எனக்கு நால்வர் தேவையில்லை. மற்ற ஆறு நாளும் அதைத் தனியாகவே செய்கிறேன்.

நேற்று மூன்று பேராக ஒரு ஆட்டம் ஆடிப்பார்த்தோம். டாக்டர் தன் வீட்டிலிருந்து ஒரு புதுப் பெட்டியைத் தூக்கிவந்தார். நானூறு துண்டுகள், முப்பத்திரண்டு பக்க விதிப் புத்தகம். ஒன்றரை மணி நேரம் வாசித்தபிறகு தெரிந்தது, அதில் யாரும் யாரோடும் மோதக் கூடாதாம். எல்லாரும் தோழமையாகச் சேர்ந்து பலகையை எதிர்த்து ஆட வேண்டுமாம். பலகையைத் தோற்கடித்து என்ன கண்டோம்? அதற்கு முகம் சிவக்குமா, மேல்சட்டையை ஒரு கையில் மாட்டிக்கொண்டு வெளியே போகுமா? நன்றாகத் தெரிந்த ஒருவர் கண்ணெதிரே திணறுவதைப் பார்ப்பதுதான் இந்த ஆட்டங்களின் இன்பம். அதை உன் பதினொரு பக்கத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. நாங்கள் தோழமையாகத் தோற்றோம். வீட்டுக்குப் போகும்போது உன் மனைவி ஒன்று சொன்னாள். உனக்கு எழுதக் கூடாது என்று சத்தியம் கேட்டாள். நான் சத்தியம் செய்யவில்லை, தலையை மட்டும்தான் ஆட்டினேன்.

“அக்கா, அவர் ஒரு தாள்ல பலகை மாதிரியே கோடு போட்டு, பொத்தானை எல்லாம் படகா வச்சு, அன்னைக்கு எது எங்க இருந்துச்சுன்னு திரும்பத் திரும்ப அடுக்கறார். ஒரு தடவை வந்தது மாதிரி மறு தடவை வரலை. இன்னைக்குக் காலையில, ‘எனக்கு மறதி ஆரம்பிச்சிடுச்சோ’ன்னு கேட்டார்.”

“நீ என்ன சொன்னே?”

“முதல்ல என் பொத்தானைத் திருப்பிக் கொடுங்கன்னு சொன்னேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியலைக்கா.”

அவளுக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது என்று நினைத்துக்கொள். ஆகவே என் முடிவு இது. நான் சொன்னதைத் திரும்பப் பெறமாட்டேன். படகு ஒரு கட்டம் தெற்கேதான் இருந்தது. டாக்டரும் பார்த்தார், கடைவாய்ப் பல்லும் பார்த்தார். உன்னைத் திருப்திப்படுத்த நான் பொய்க் கணிப்பு எழுதித் தரமாட்டேன். மேலதிகாரிகள் கேட்டபோதே தந்ததில்லை. தீவாட்டத்தைக் கயிறு போட்டுக் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இனி நான் படிக்கப்போகிறேன். நீயும் உன் தூய ஆட்டத்தைத் தூய்மையாகத் தனியே ஆடிக்கொள்ளலாம்.

உன் மனைவிக்கு என் அன்பு. பொத்தான்களைத் திருப்பிக் கொடு. முழங்காலுக்குத் தைலம் போடு. நீடூழி வாழ்க என்று வாழ்த்துகிறேன். நீ யோசிக்கும் வேகத்துக்கு அது தேவைப்படும்.

இப்படிக்கு,
உன்னைவிட நான்கு வயது மூத்தவளான
அக்கா

பின்குறிப்பு: பரணில் போட்டுவிட்டேன் என்று எழுதியது பொய். நாற்காலியில் ஏற எனக்கு இப்போது துணிச்சல் இல்லை. பலகை நீ விட்டுப்போனபடியே சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. டாக்டரின் நானூறு துண்டுகளையும் நேற்றுத் தரையில்தான் பரப்பினோம். என்னை எழுப்பிவிட இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஞாயிறிலிருந்து நான் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறேன், கால் வலிக்கிறது. ஆகையால் இந்த ஞாயிறு நான்கு மணிக்கு வந்துசேர். மணியை ஐந்து நிமிடத்துக்கு முறுக்குகிறேன், அதற்கு மேல் ஒரு நொடி கிடையாது. கடைவாய்ப் பல்லும் வரலாமா என்று கேட்டிருக்கிறார்; சரி என்று சொல்லிவிட்டேன்.

பலகையில் தூசி படிந்திருக்கும், பேசாதே. நான் துடைக்கவில்லை. துடைக்காததற்குக் காரணம் உண்டு. முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால், ஆட்டத்தின் நடுவே ஏதோ ஒரு பாலத்தில் விரிசல் என்று ஆள் வந்து உன்னைக் கூட்டிப்போனார்கள். பலகை இரண்டு நாள் இதே மேசையில் இருந்தது. இரண்டாம் நாள் நான் தூசி தட்டினேன். துணியில் மாட்டி உன் பச்சைப் படகு ஒன்று மேசைக்கு அடியில் உருண்டது. எங்கே நின்றது என்று எனக்கு நினைவில்லை. எடுத்து, காலியாகக் கண்ணில் பட்ட இடத்தில் வைத்தேன். அது நீரிணை வாய். நீ வந்தாய், காலணியைக்கூடக் கழற்றாமல் கால் மணி நேரம் உற்றுப் பார்த்தாய், “அக்கா, மூணே நகர்த்தல்!” என்று கத்தினாய். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீ குதித்த குதியில் விளக்கு ஆடியது. சரி, அடுத்த வாரம் சொல்லலாம் என்று விட்டேன். அடுத்த வாரத்துக்குள் நீ அதற்குப் பெயர் வைத்துவிட்டாய்.

அப்போது உனக்கு வயது முப்பத்தாறு. எனவே வீணாகக் கவலைப்படாதே. மறதி உனக்கு இப்போது வந்ததல்ல. படகு எங்கே நின்றது என்பது உனக்கு எந்தக் காலத்திலும் தெரிந்ததில்லை.