நிறுத்து சித்தப்பாவும் ஒன்பது நிமிஷப் பாடமும்

அந்தப் பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஆஸ்பத்திரி வராந்தாவில். என் ஒன்றுவிட்ட தங்கைக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் தையல் கடை வைத்திருக்கிறாள், இளையவள் நர்ஸ். இளையவளின் மகள் மாடிப்படியில் உருண்டு தொடை எலும்பை முறித்துக்கொண்டு படுத்திருந்தாள் என்று பார்க்கப் போயிருந்தேன். உள்ளே டாக்டர் மாவுக்கட்டைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பாதியில் ஓர் ஆண் குரல் குறுக்கே விழுந்தது: "ஒரு நிமிஷம் டாக்டர், இத அவளுக்குப் புரியற மாதிரி நான் சொல்லிடறேன்."

என் பக்கத்தில் நின்ற தையல்காரியின் பத்து வயசு மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சு. நிறுத்து சித்தப்பா ஆரம்பிச்சுட்டாரு."

நர்ஸின் கணவரைத்தான் சொன்னாள். கண்ணாடி அறுத்துக் கொடுக்கும் கடைக்காரர். ஆனால் அது ஒரு ஆளுக்கு வைத்த பெயர் இல்லை, ஓர் இனத்துக்கே வைத்த பெயர் என்று எனக்கு அப்போதே பட்டது. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். வழி கேட்டவருக்கு வழி தெரிந்தவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இடையில் கையை நீட்டி, "அவர் சொல்றது சரிதான், ஆனா நான் சொல்றேன் கேளுங்க" என்பார். நீங்கள் ஒரு வேடிக்கையைச் சொல்லி, சிரிப்பு வரும் இடத்துக்கு ஒரு வரி முன்னால் வந்து நிற்கும்போது, அதன் காரண காரியத்தை எடுத்து விளக்குவார். கெட்ட எண்ணமா? இல்லவே இல்லை. நல்ல எண்ணம்தான். தொல்லையே அதுதான்.

முன்பெல்லாம் இவர்கள் அடுத்தவர் பேச்சை வாயால்தான் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவதி கணக்குப் பாடங்களை வீடியோவாக எடுத்துக் காசில்லாமல் ஊருக்கெல்லாம் போட்டுவிட்டாள். பாடத்தைக் கொடுத்ததோடு விட்டாளா? அதை நிறுத்துவதற்கு ஒரு வழியும் சேர்த்துக் கொடுத்தாள். கரும்பு தின்னக் கூலியும் கொடுத்த கதைதான்.

கால் கூடுவதற்குப் பத்து மாதம் ஆயிற்று. பெண் வீட்டிலிருந்தே படித்தாள். மற்றப் பாடங்களை அம்மா பார்த்துக்கொண்டாள், கணக்கு மட்டும் அப்பா பொறுப்பு, வீடியோ துணை. பள்ளிக்கூடத்துத் தலைமை டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார்: "கணக்குல ஒரு பரீட்சை வைப்போம். இருபதுக்குப் பதினஞ்சு வாங்கினா அவ வயசுப் பிள்ளைங்களோட உட்காரலாம். இல்லன்னா ஒரு வகுப்பு கீழதான்."

ஒரு வகுப்பு கீழே இருந்தது யார்? தையல்காரியின் மகள். அவள் அன்றைக்கே ஓடிவந்தாள். "அக்கா, என் பெஞ்சுலயே உனக்கு இடம் பிடிச்சு வச்சுட்டேன்!" குழந்தை பாசத்தோடு சொன்னதுதான். கட்டுப்போட்டுக் கிடந்தவள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

இனி பாடம் நடந்த அழகைக் கேளுங்கள். கடையிலிருந்து வந்ததும் அவர் கைகால் கழுவிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்காருவார். பழைய லேப்டாப். விரலால் தேய்க்கிற பலகை செத்து வருஷமாகிறது, அதனால் மவுஸ் மகள் கையில். கண்ணாடி துடைக்கிற துணியை மடித்துத் திரையைத் துடைப்பார், வீடியோ டீச்சரின் முகத்தை இன்னும் இரண்டு முறை அழுத்தித் துடைப்பார். பிறகு வலது கட்டைவிரலை அந்த விசைகளுக்கெல்லாம் கீழே நீளமாக இருக்குமே, தட்டினால் வீடியோ நிற்குமே, அந்தக் கட்டைமேல் வைப்பார். வீணைக்காரர் தந்திமேல் விரல் வைப்பதுபோல.

"கண்ணுகளா, இன்னிக்கு நாம பின்னம்..." என்பார் டீச்சர்.

டக்.

"பின்னம்னா என்னம்மா? உடைஞ்சது. நம்ம கடைல ஒரு தடவ ஆறடிக் கண்ணாடி வந்து இறங்கிச்சு பாரு..."

கண்ணாடி இறங்கி, உடைந்து, லாரிக்காரரோடு சண்டை நடந்து, சமாதானமாகும் வரை டீச்சர் வாயைத் திறந்தபடி திரையில் நின்றுகொண்டிருப்பார். எதிர் நாற்காலியில் நிஜ டீச்சர் உட்கார்ந்திருந்தால் இப்படி வாயைப் பொத்த முடியுமா? ஒன்பது நிமிஷப் பாடம் இரண்டு மணி நேரம் ஓடும். முடியாது, ஓடும்.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில் பின்னத்தால் வகுக்கிற பாடம் வந்தது. "ஒரு எண்ண அரையால வகுத்தா விடை பெருசாகும். ஏன்னு பாப்போம்" என்றார் டீச்சர்.

டக்.

"இந்தம்மா இங்க தடுமாறிட்டாங்க. வகுக்கறதுன்னா பங்கு போடறது. பங்கு போட்டா குறையுமா, கூடுமா? ஒரு வீட்ட அண்ணன் தம்பிக்குப் பிரிச்சா ரெண்டு வீடா ஆயிடும்?"

"ஆனா அவங்க ஏன்னு சொல்ல வந்தாங்கப்பா."

"என்னத்தச் சொல்லப்போறாங்க? இலவசம்ல, அப்படி இப்படித்தான் இருக்கும். நீ நான் சொன்னத எழுது."

எழுதினாள். மாதிரிப் பரீட்சையில் இருபதுக்கு ஏழு. அந்த வகைக் கணக்கு மட்டும் எட்டு, எட்டும் தப்பு. நிறுத்து சித்தப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கேள்வித்தாள்லயே கோளாறு" என்று தீர்ப்புச் சொன்னார்.

நர்ஸ் வேலை முடிந்து வந்தாள். தாளைப் பார்த்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். முள் எடுக்கிற சின்ன இடுக்கியைக் கொண்டுவந்து, காயத்திலிருந்து முள்ளை எடுக்கிற நிதானத்தோடு அந்த நீளக் கட்டையை நெம்பிக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"என்ன பண்ற? அது இல்லாம எப்படிப் பாடம் கேக்கறது?"

"காதால."

அவர் கட்டை இருந்த குழியில் விரலை விட்டுக் குத்திப் பார்த்தார். "அடியில இருந்த ரப்பரையும் எடுத்துட்டாங்கப்பா" என்றாள் மகள், மவுஸை மடியில் வைத்துக்கொண்டு. லேப்டாப்பின் மூடியைச் சாத்தலாம். சாத்தினால் மானம் போகும். கட்டிலில் கிடந்த நாட்களில் வலிக்குக்கூட அழாத பெண்ணின் கண் சிவந்திருந்தது வேறு அவருக்குத் தெரிந்தது. கைகளை அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

வீடியோ ஓடியது. ஒரு மனிதர் பேசாமலிருப்பதற்கு இவ்வளவு பாடுபட்டு நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டு முறை இருமினார். ஒருமுறை கட்டைவிரல் தானாக மேசையைத் தட்டியது. டீச்சர் எதற்கும் நிற்கவில்லை.

"மூணு மீட்டர் ரிப்பன் இருக்கு. அரை அரை மீட்டரா வெட்டினா எத்தன துண்டு கிடைக்கும்?"

"ஆறு" என்றார் நிறுத்து சித்தப்பா. யோசித்துச் சொன்னதில்லை. மூன்றடிக் கண்ணாடியில் அரையடிப் பட்டை எத்தனை வரும் என்று கேட்காத வாடிக்கைக்காரர் உண்டா? இருபது வருஷமாக நாக்கு நுனியில் இருக்கிற விடை.

"ஆறு!" என்றார் டீச்சரும்.

அவருக்கு ஏகப் பெருமை. "பாத்தியா, அவங்களும் அதையே சொல்றாங்க!"

"அப்பா," என்றாள் மகள் மெதுவாக, "அதுதான் மூணை அரையால வகுக்கறது."

அவர் வாய் திறந்தது. ஆறு மூன்றைவிடப் பெரிசு. துண்டு சின்னதானால் எண்ணிக்கை கூடும். இதை அவர் தினமும் கடையில் கையால் செய்கிறார், மாலையில் வீட்டுக்கு வந்து தப்பு என்று அடித்துச் சொல்கிறார். இப்போது அவர்தான் திரையில் நிறுத்தி வைத்தவர்போல வாய் திறந்தபடி இருந்தார். மகள் சிரிக்கவில்லை. நல்ல வளர்ப்பு.

"ஏம்மா," என்றார் கடைசியில், "அந்த டீச்சர மொதல்லேர்ந்து போடு. பாவம், அந்தம்மா சரியாத்தான் சொல்லிட்டிருந்திருக்காங்க."

பரீட்சை வரைக்கும் மீதி நாளெல்லாம் ஒரு பாடத்துக்கு ஒன்பது நிமிஷம்தான் ஆயிற்று. மிஞ்சிய நேரத்தில் பெண் கணக்குப் போட்டாள். அவர் பென்சில் சீவிக் கொடுத்தார்.

பரீட்சை முடிந்து, தலைமை டீச்சர் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்த அம்மாளும் லேசுப்பட்டவரில்லை. எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்லாமல், காலுக்கு மாடிப்படி ஆகாது என்றார், சீருடை அளவு என்றார், கணக்கில் கழித்தலில் அவசரப்படுகிறாள் என்றார், மூன்று கணக்கில் கோட்டை அடிக்கோல் வைத்துப் போடவில்லை என்றார். நிறுத்து சித்தப்பாவின் கட்டைவிரல் துடித்தது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிறுத்தவில்லை.

"பதினாறு" என்று முடித்தார் தலைமை டீச்சர். "ஆமா, இந்த வகுத்தல் கணக்கு எட்டும் சரியாப் போட்டிருக்காளே. வீட்டுல யார் சொல்லிக் கொடுத்தது?"

"ஒரு டீச்சர்மா" என்றார் அவர். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை என்னிடம் சொன்னது அவர் மகள். அவள் சொன்னால் சத்தியம்.

பெஞ்சில் இடம் பிடித்து வைத்திருந்த தையல்காரியின் மகள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, அப்புறம் சரியாகிவிட்டாள்.

என்ன, சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டு வருகையில் எத்தனை இடத்தில் விரலை வைத்து நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் "இது யார் மாதிரி தெரியுமா, நான் சொல்றேன் கேளு" என்று ஆரம்பித்தீர்கள்? அவர் கேட்டாரா, இல்லை, தலையில் அடித்துக்கொண்டாரா? உங்கள் வீட்டில் இடுக்கி எங்கே இருக்கிறது என்று எதற்கும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண் இப்போது அவள் வயசுப் பிள்ளைகளோடு மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறாள். நீளக் கட்டை நர்ஸின் ஊசி டப்பாவில் இருக்கிறது. நிறுத்து சித்தப்பா தினமும் மதியம் கடையின் பின்னறையில், அறுத்த கண்ணாடிகளுக்கு நடுவே, அதே டீச்சரின் பாடங்களை முதலிலிருந்து கேட்கிறார், இப்போது பதினோராம் பாடத்தில் இருக்கிறார்.