முதல் வெடியின் அடக்கம்

ஆய்வகத்திலிருந்து வந்த கடிதத்தை ஒரின் பெல்கி மூன்று முறை படித்தார். முதல் முறை அது பாராட்டு என்று தோன்றியது. இரண்டாம் முறை, பாராட்டைப் போன்ற ஏதோ ஒன்று என்று தோன்றியது. மூன்றாம் முறைதான் அது கண்டனம் என்பது விளங்கியது.

'எங்கள் அறிக்கையில் ஐந்து எண்கள் உள்ளன. உங்கள் விளம்பரத்தில் ஒன்று இருக்கிறது. மீதி நான்கையும் என்ன செய்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன். இங்ஙனம், பெர்னீஸ் ஒக்ரன்.'

ஒரின் ஐம்பத்தெட்டு வயதில் இந்த வேலைக்கு வந்தவர். அதற்கு முன் இருபத்தாறு ஆண்டுகள் விதை உருளைக்கிழங்கின் விலைப்பட்டியலுக்கு வாசகம் எழுதினார். அந்தக் கிடங்கு மூடப்பட்ட பிறகு, ஐடஹோவின் எம்மெட் நகரில் அவரைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது டிரை க்ரீக் நிறுவனம் ஒன்றுதான். துப்பாக்கிக் குழலின் முனையில் திருகிப் பொருத்தும் ஒலியடக்கிகளைச் செய்வது அதன் தொழில். தொழிலில் இருப்பவர்கள் அதை 'டப்பா' என்பார்கள். ஒலியைப் பற்றி ஒரினுக்கு முன்பு தெரிந்ததெல்லாம், உருளைக்கிழங்கு அதை எழுப்பாது என்பது மட்டுமே.

ஆனால் எட்டு மாதங்களில் அவர் ஒரு விதியைக் கற்றிருந்தார். டப்பாவின் வழியாகச் சுடும்போது முதல் வெடியே உரத்தது. உள்ளே தங்கிய காற்றும் சேர்ந்து எரிவதே காரணம். அதன்பின் வரும் வெடிகள் தணிந்துவிடும். இது அந்த ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆகவே, வயோமிங்கிலுள்ள சுயேச்சையான ஆய்வகத்தின் அறிக்கையில் முதல் வெடிக்கு நேரே 127 டெசிபல் என்று கண்டபோது, ஒரின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பவே இல்லை. இருப்பதிலேயே மோசமான எண்ணைத் தன்னடக்கத்தோடு எடுத்துக்கொண்டதாகவே அவர் மனமார நம்பினார். பன்னிரண்டாயிரம் துண்டறிக்கைகள் இப்படி அச்சாகின:

'சுயேச்சையான ஆய்வகத்தின் தீர்ப்பு: முதல் வெடியே 127!'

இப்போது இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். 129. 132. 135. 138.

ஒரின் தாளைக் கீழே வைத்துவிட்டு மீண்டும் எடுத்தார். எண்கள் இறங்கவில்லை.

தொலைபேசியில் பெர்னீஸ் ஒக்ரனின் குரல் வறண்டிருந்தது.

"மிஸ்டர் பெல்கி, 127 என்னோட எண். அதை நான் மறுக்கல. ஆனா 'முதல் வெடியே'ன்னு போட்டிருக்கீங்க பாருங்க, அந்த 'ஏ' என்னோடது இல்ல."

"ஒரு எழுத்துதானம்மா..."

"அந்த ஒரு எழுத்துதான் பொய் சொல்லுது. எண் பாவம், சும்மா நிக்குது. முதல்லயே இவ்வளவு கம்மின்னா அடுத்தது இன்னும் கம்மியா இருக்கும்னு படிக்கிறவன் நினைப்பானா மாட்டானா?"

"நானே அப்படித்தானம்மா நினைச்சேன்!"

"அப்ப நீங்க ஏமாத்தல, படிக்கல. ரெண்டுல எது மோசம்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

ஒரின் ஏகாரத்தை நீக்கினார். 'முதல் வெடி: 127' என்று மட்டும் அச்சிட்ட ஒட்டுத்தாள்கள் பழைய வாசகத்தின்மேல் ஒட்டப்பட்டன. அன்று மாலைக்குள் மூன்று வியாபாரிகள் அழைத்தார்கள். முன்பு வெறுமனே ஊகித்தவர்கள், இப்போது ஒட்டுத்தாளைக் கண்டதும் அடியில் ஏதோ பெரிய இரகசியம் இருப்பதாக உறுதி செய்துகொண்டார்கள்.

"ரெண்டாவது வெடிக்கு மேயுற மான்கூடத் தலை தூக்காதாமே?" என்றார் ஓரிகனிலிருந்து ஒருவர். "நாப்பது அனுப்புப்பா. காதுக்கு மாட்டுறதையெல்லாம் இனிமே வண்டியிலயே போட்டுட்டுப் போகலாம்."

"ஐயையோ, காதைக் கழட்டாதீங்க!" என்று ஒரின் அலறினார்.

"என்னது?"

"காதை இல்ல, காதுறையை!"

ஒரின் முதலாளி டெல் ஸ்ட்ரவுட்டிடம் ஓடினார். டெல் நாற்பது ஆண்டுகள் உறை மாட்டாமல் சுட்டவர். இரண்டு செவிகளிலும் கருவி பொருத்தியிருந்தார். பிடிக்காத செய்தி வந்தால் அவற்றின் விசையை அணைத்துவிடுவார். அன்று நிறுவனத்தின் சமையலறையில் நின்றிருந்தார். சுவரில் அவர் கையாலேயே எழுதிய அறிவிப்பு தொங்கியது: 'இந்தக் கட்டடத்தில் உலோகத்தாலான எதையும் எவரும் கழுவக் கூடாது.' அதன் வரலாறு ஒரினுக்குத் தெரியும். மூன்று தலைமுறையாகச் சோப்புப் படாமல் எண்ணெய் ஏறிய டெல்லின் தாத்தா காலத்து வார்ப்பிரும்புச் சட்டியை, பொட்டலம் கட்டும் ட்வைலா ஒருநாள் சோப்பும் கம்பிநாரும் கொண்டு தேய்த்து வெள்ளி போலாக்கியிருந்தாள். டெல் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.

"டெல், அஞ்சு எண்ணையும் போட்டாகணும்."

"போடு."

"எண்ணு ஏறுது டெல்."

டெல்லின் கை செவிக்குப் போனது. ஒரின் அதைத் தடுத்துப் பிடித்தார்.

"ஏறுதா? அப்ப வரைபடமாப் போடு. அளவுகோலைப் பூஜ்யத்துலேர்ந்து ஐநூறு வரைக்கும் வை. கோடு படுத்துக்கும்."

கோடு படுத்துக்கொண்டது. மறுநாள் பெர்னீஸ் அழைத்தார்.

"பக்கத்துல நின்னா ஜெட் விமானமே நூத்தம்பதுக்குள்ள அடங்கிடுது மிஸ்டர் பெல்கி. ஐநூறு எதுக்கு? உலகம் வெடிக்கிறப்ப அளக்கவா?"

"எடுத்துடறேம்மா."

"இன்னொண்ணு. எனக்கே இது புரியல. பதினேழு வருஷமா அளக்கிறேன். முதல் வெடி தணிஞ்சு, அடுத்தடுத்து ஏறுற டப்பாவை நான் பார்த்தது ஒரே ஒரு விதத்துலதான். உள்ள ஒரு கரண்டி தண்ணி ஊத்திச் சுட்டா அப்படி வரும். தண்ணி தீரத் தீரச் சத்தம் ஏறும். நீங்க ஊத்தினீங்களா?"

ஒரினுக்கு முகம் சிவந்தது. தண்ணீர் ஊற்றிய எண்ணைச் சொல்லாமல் வெளியிடுவது, அந்தத் தொழிலில் சீட்டாட்டத்தில் ஐந்தாவது ஏஸைக் கொண்டுவருவதற்குச் சமம்.

"நீங்க ஊத்தினீங்களாம்மா?"

"நாங்க ஊத்தல. வந்தது வந்தபடியே பொருத்திச் சுட்டோம். அதுக்கு மட்டும்தான் நான் பொறுப்பு. எழுதிக்குங்க: வந்தது வந்தபடியே."

ஒரின் எழுதிக்கொண்டார். பிறகு பட்டறைக்குச் சென்று, டப்பாவை வடிவமைத்த பாய்டை நிறுத்தி வைத்துக் கேட்டார். பாய்ட் கையிலிருந்த திருகுச்சாவியை உயர்த்திச் சத்தியம் செய்தான்.

"எங்கம்மா மேல ஆணையா ஒரு சொட்டு ஊத்தல. கம்பெனி பேரே 'வறண்ட ஓடை'! நானே ஊத்துவேனா?"

"அப்ப முதல் வெடி எப்படித் தணிஞ்சுது?"

பாய்ட் திருகுச்சாவியால் தலையைச் சொறிந்தான். "ஒருவேளை நான் நினைச்சதைவிட நல்லாச் செஞ்சுட்டேனோ என்னவோ."

இந்தச் சொல் டெல்லின் செவியை எட்டியபோது கருவிகள் இரண்டும் இயங்கிக்கொண்டிருந்தன. அன்று மதியத்துக்குள் அது ஒரு கண்டுபிடிப்பாகிவிட்டது. அதற்கு 'முதல்வெடி அடக்கம்' என்று டெல் பெயரும் சூட்டிவிட்டார். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்ட வியாபாரிகளிடம் பாய்ட் கைகளால் காற்றில் சுருள் சுருளாக வரைந்து காட்டினான்; மூன்றாம் நாளிலிருந்து தன் சுருள்களைத் தானே நம்பவும் தொடங்கினான். புதிய துண்டறிக்கையில் ஐந்து எண்களும் முழுமையாக இருந்தன. அவற்றின்மேல் பெரிய எழுத்தில்:

'ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை! வந்தது வந்தபடியே சோதித்ததாக ஆய்வகம் உறுதி!'

எண்கள் முழுமை, வாசகம் பிழையற்றது, மேற்கோள் உண்மை. எட்டு மாதங்களில் முதல் முறையாக ஒரின் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நிலை நாற்பது நிமிடங்கள் நீடித்தது.

"வந்தபடின்னு சொன்னது நான். சொட்டு இல்லைன்னு சொன்னது நீங்க," என்றார் பெர்னீஸ். "ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லி என் பேரைக் கீழ போட்டிருக்கீங்க. சனிக்கிழமை நானே மீட்டரோட வரேன். அதே டப்பா, அதே துப்பாக்கி, அதே தோட்டா. எண் பொருந்தலைன்னா அறிக்கையைத் திரும்ப வாங்கிடுவேன். ஏன்னும் ஊருக்கெல்லாம் எழுதுவேன்."

டெல் இதைக் கேட்டு மகிழ்ந்தார். ஆறு வியாபாரிகளை அதே நாளுக்கு அழைத்தார். பிறகு ஒரினின் தோளைத் தட்டினார்.

"அந்தம்மா மீட்டர்ல 127 வரட்டும், உன்னைத் தலையில தூக்கி வெச்சுக்கிறேன். வரலைன்னா நீ மறுபடியும் கிழங்குக்கே போயிடு ஒரின்."

போவதற்குக் கிழங்கும் இல்லை என்பதை ஒரின் அவருக்கு நினைவூட்டவில்லை.

சனிக்கிழமை காலை, ஊருக்கு வெளியே பழைய சரளைக்குழியில் எல்லோரும் கூடினார்கள். பெர்னீஸ் ஒக்ரன் குள்ளமானவர். மீட்டரின் முக்காலி அவரைவிட உயரமாக இருந்தது. டப்பாவில் பொறித்த வரிசை எண்ணைத் தம் குறிப்பேட்டோடு இரண்டு முறை ஒப்பிட்டார். அதே டப்பாதான். ஆய்வகத்திலிருந்து திரும்பி வந்த நாள் முதல் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. ட்வைலா வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்து, காப்பியையும் டோனட்டையும் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.

"காதுறை மாட்டிக்குங்க," என்றார் பெர்னீஸ்.

"முதல் வெடிக்கு எதுக்கும்மா உறை?" என்று ஓரிகன்காரர் சிரித்தார். "அதுதான் அடக்கமாச்சே!"

பாய்ட் சுட்டான்.

குழியின் விளிம்பிலிருந்த காக்கைகள் ஒன்றுவிடாமல் எழுந்தன. ஓரிகன்காரர் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு குந்தினார். டெல்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"நூத்து நாப்பத்தொண்ணு," என்றார் பெர்னீஸ்.

இரண்டாவது 136. அடுத்தவை 135, 135, 134. எல்லா டப்பாக்களையும் போல, ஒழுங்காக, விதிப்படி.

"குளிரா இருக்கும்," என்றான் பாய்ட்.

"வயோமிங்ல இதைவிடக் குளிர்," என்றார் பெர்னீஸ்.

"குழியா இருக்கிறதால எதிரொலி?"

"எதிரொலி வர்றதுக்கு முன்னாடியே மீட்டர் எடுத்துடும்."

"அப்ப அந்தச் சுருள்..." பாய்டின் கை காற்றில் ஒரு சுருளைத் தொடங்கிப் பாதியில் நின்றது.

ஒரின் இரண்டு தாள்களையும் அருகருகே பிடித்துப் பார்த்தார். டப்பா அதேதான். துப்பாக்கியும் தோட்டாவும் அவையேதான். அளக்கும் அம்மாளும் மாறவில்லை. ஒரு தாளில் எண்கள் ஏறின, மறுதாளில் இறங்கின. எதை எழுதினாலும் பொய்யாகிறது, எழுதாவிட்டாலும் பொய்யாகிறது. பொய் சொன்னவர் மட்டும் எங்கும் இல்லை.

"யாரோ கை வெச்சிருக்காங்க!" டெல்லின் முகம் சிவந்தது. "ஆய்வகத்துக்குப் போனப்ப இருந்த மாதிரி இது இப்ப இல்ல. சொல்லுங்க, இந்த டப்பாவை எவன் என்ன செஞ்சான்?"

டெல்லின் பார்வை ஒவ்வொருவராகக் கடந்து வண்டியின் பின்கதவில் வந்து நின்றது. எல்லோரும் அதே திசையில் திரும்பினார்கள்.

ட்வைலா டோனட் பெட்டியை ஓசையோடு மூடினாள்.

"என்னை ஏன் முறைக்கிறீங்க? சட்டிச் சண்டைக்கு அப்புறம் உங்க டப்பா ஒண்ணைக்கூட நான் தொடலையே! அதுக்கு முன்னாடி, ஆய்வகத்துக்குப் போனப்பதான் கரியும் புகையுமா அனுப்ப மனசு வராம, சோப்புத் தண்ணியில முக்கிக் கழுவி, ரெண்டு முனையையும் இறுக்கி மூடி அனுப்பினேன். கூரியர்காரன் வாசல்ல நின்னு கத்தினான், துடைக்கத்தான் நேரமில்ல."