ஆயிரம் அடிக்குக் கீழே பாதாளம்

உலகம் அழியப்போகிறது என்று நம்பிக்கொண்டே ஊருக்கெல்லாம் போர்வெல் போட்ட மனுஷன் இந்தியாவிலேயே ஒருத்தர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் பாதாளம் அண்ணன்.

திருச்செங்கோட்டில் நான் மேனேஜராக இருந்த, போர் போடும் ரிக் வண்டியில் அவர் டிரில்லர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். வேதாகமத்தின் கடைசிப் பகுதியில் ஒரு பாதாளக் குழி வருகிறது. திறந்தால் சூளைப் புகையாகக் கிளம்பும், புகைக்குள்ளிருந்து தலையில் கிரீடம் வைத்த வெட்டுக்கிளிகள் வரும். அந்தக் குழி சரியாக ஆயிரம் அடிக்குக் கீழே இருப்பது அண்ணனின் சொந்தக் கண்டுபிடிப்பு. அந்தப் பக்கங்களில் ஆயிரம் என்ற எண் அடிக்கடி வருகிறதாம்! ஆயிரமாவது அடியில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். முதலாளி தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்ப மாட்டார்.

எங்கள் சபைப் போதகர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"அதெல்லாம் அடையாள மொழிங்க. துன்பத்துல கெடந்த சபைக்கு அந்தக் காலத்துல எழுதுன ஆறுதல்."

"ஏழு தலை மிருகத்தப் பத்தி நீங்க சொல்லுங்க, கேட்டுக்கறேன். குழியப் பத்தி நாந்தானுங்க சொல்லோணும். இருவது வருசமா குழி போடறவன் நானு."

போதகர் வேதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வாழப்பாடிப் பக்கம் ஒருநாள் எழுநூறு அடியிலேயே ஒரு வெட்டுக்கிளி அவர் தோளில் வந்து உட்கார்ந்தது. மனுஷன் அசையவே இல்லை. "தலைல கிரீடம் இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்கடா!" என்று அலறினார். தோட்டத்துச் சொந்தக்காரர் சிரித்துச் சிரித்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

போன சித்திரையில் புதுச்சத்திரத்தில் பாவாத்தா அக்கா தோட்டத்துக்குப் போனோம். ஏற்கெனவே இரண்டு போர் பொய்த்த காடு. இதுவும் பொய்த்தால் நாலு எருமையையும் சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதான். ஆயிரமாவது அடியிலும் வெறும் புழுதி. அண்ணன் நிறுத்திவிட்டார்.

"ஏஞ்சாமி, நிறுத்திப்போட்டீங்க?"

"இதுக்குக் கீழ பாதாளமுங்க அக்கா. தொறந்தா ஒலகமே போயிருமுங்க. எங்க வேதத்துல இருக்குது."

"அது அடையாளம்ணா!" என்று நான் கத்தினேன். போனில் போதகரும் அதையே சொன்னார். அண்ணன் மசியவில்லை.

அக்கா எருமைகளைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "அந்த வேதம் அதோட முடிஞ்சுபோச்சுங்களா? கடைசில என்ன போட்டிருக்குது?"

அண்ணன் கிரீஸ் கையோடு வேதத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். வரி வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"ஆறு ஓடுதுங்க. தாகமா இருக்கறவங்க வாங்கன்னு கூப்புடுது."

"அப்ப அதுவரைக்கும் போங்க சாமி."

அண்ணன் எங்களைப் பார்த்தார். "எல்லாரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருங்க. எருமையவும் ஓட்டிக்கோங்க. தொறந்தா என் ஒருத்தனோட போவட்டும்." தன் போனை என் கையில் திணித்தார். "ஊட்ல சொல்லிப்போடு."

தனியாகப் போய் லீவரைப் பிடித்தார். அழுத்துமுன் ஒரு தடவை வானத்தை அண்ணாந்து பார்த்தது ரோட்டிலிருந்தே தெரிந்தது. அடையாளம், அடையாளம் என்று தொண்டை வறளக் கத்திய நான் ஓர் எருமைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

ஆயிரத்து நாற்பதில் புழுதி சேறானது. இன்னும் இருபது அடியில் இரண்டு இஞ்சுத் தண்ணீர் பீறிட்டது. "தண்ணிதானுங்க, பயப்படாம வாங்க!" என்று நனைந்தபடி கத்தினார். பாவாத்தா அக்கா செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.

அண்ணன் சொல்லும் அர்த்தத்தை நான் இன்றும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் கீழே பாதாளம் இருக்கிறதென்று மனதார நம்பிக்கொண்டே, யாரோ ஒருத்தரின் நாலு எருமைக்காக அந்த லீவரை அழுத்தினாரே! உலகம் முடிகிற நாள் என்று ஒன்று வந்தால், அன்றைக்காவது எருமைக்குப் பின்னால் ஒளியாமல் நான் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும்.