என் வீட்டை நானே பார்க்கப் போனேன்

ஆளைப் பார்த்தவுடன் எடைபோட்டுவிடுவேன் என்று யாராவது சொன்னால், அவரிடம் எந்தப் பொறுப்பையும் கொடுத்துவிடாதீர்கள். நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்த வீடு, ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை. பஸ்ஸில் நின்று நின்று இடுப்பு கழன்றதால் ராஜபாளையத்திலேயே ஒரு வீட்டைப் பேசி முடித்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டை விற்றால்தான் அங்கே குடிபோக முடியும். அதற்கு நல்ல புரோக்கர் வேண்டும். நானும் மாதக்கணக்கில் தேடினேன். ஒருவர் அதிகம் பேசினார், ஒருவர் பேசவே இல்லை, இன்னொருவர் சிரித்த விதம் பிடிக்கவில்லை. (மாப்பிள்ளை பார்த்திருந்தால்கூட இந்நேரம் கல்யாணம் முடிந்திருக்கும்.)

கடைசியில் ஒரு யோசனை உதித்தது. வீடு வாங்குகிறவன் போலப் போய், புரோக்கர் எப்படி விற்கிறார் என்று பார்த்தால் என்ன? மனைவி தேவியிடம்கூடச் சொல்லாமல் லீவு போட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த புரோக்கர் செல்லையாவிடம் போய், "மதுரைலருந்து வாரேன். பேரு குமாரசாமி" என்றேன்.

"சாருக்குன்னே ஒரு வீடு இருக்கு. ஏறுங்க வண்டில."

வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பியது. எதிர்வீடாக இருக்கும் என்று நினைத்தேன். என் வீட்டு வாசலில் நின்றது. (நான் ஆள் தேடும் லட்சணத்தைப் பார்த்துப் பொறுக்காமல், தேவியே அவரை வரச்சொல்லிப் பேசிவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.)

கதவைத் திறந்த தேவி என்னைப் பார்த்தாள்.

"பார்ட்டி கூட்டியாந்திருக்கேன்க்கா. சாருக்கு மதுர."

"அப்படியா? வாங்க சார்" என்றாள், முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லாமல். "எங்க வீட்டுக்காரவிய வேலைக்குப் போயிருக்காவ."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஹாலில் எங்கள் கல்யாண போட்டோ. செல்லையா அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். போட்டோவில் இருந்தவனுக்குத் தலை நிறைய முடி. தப்பித்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, மனுஷன் பிரமாதமாக விற்றார். ஓதம் ஏறிய சுவரை முதுகால் மறைத்துக்கொண்டு ஜன்னலைப் புகழ்ந்தார். மொட்டைமாடியில் மலையைக் காட்டி, "செண்பகத்தோப்புக் காத்து சார், நேரா ஒங்க கட்டிலுக்கே வரும்" என்றார். எனக்கே வாங்கிவிடலாம் போலிருந்தது. இவர்தான் நம் ஆள் என்று முடிவுகட்டியபோது, காதருகே குனிந்தார்.

"வீட்டுக்காரரு வெவரம் இல்லாத ஆளாம் சார். அக்காவே சொன்னாவ. செத்த நேரம் முறுக்குவாரு, பொறவு தானா எறங்கிருவாரு. கொறச்சே கேளுங்க."

"யாருய்யா வெவரம் இல்லாதவன்? எறங்கவே மாட்டாரு!" என்று கத்திவிட்டேன்.

"ஒங்களுக்கு எதுக்கு சார் கோவம்?"

கீழே தேவி காபியோடு நின்றாள். "இது ஒங்களுக்கு. இது சாருக்கு, சீனி போடல."

செல்லையா வாய் வைத்தவர் நிமிர்ந்தார். "சாருக்குச் சுகர்னு ஒங்களுக்கு எப்பிடிக்கா தெரியும்?"

"கட்டிக்கிட்டவளுக்குத் தெரியாதா?"

பாதிக் காபி அவர் சட்டையில் கொட்டியது. மறுபடியும் போட்டோவைப் பார்த்தார். "அந்த முடியெல்லாம் எங்க சார் போச்சு?" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

அவர் போனதும், இந்த ஆள் வேண்டவே வேண்டாம் என்று குதித்தேன். தேவி அசரவில்லை.

"நம்ம வீட்ட நம்மகிட்டயே விக்கப் பாத்த மனுசன், வேற யாருகிட்டத்தான் விக்க மாட்டாரு?"

விற்றார். நாங்கள் நினைத்த விலைக்கே விற்றார். பேச்சு முடியும்வரை என்னை மொட்டைமாடியில் உட்கார வைத்திருந்தார்கள்.

இப்போது ராஜபாளையத்தில் இருக்கிறோம். சொந்தத்தில் யார் புது வீட்டுக்குப் பால்காய்ச்சினாலும் என்னை வாசலிலேயே மறிக்கிறார்கள். "நல்லாப் பாத்துக்கிடுங்க மாப்ள, இது ஒங்க வீடு இல்லையே?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து தேவி சொல்வாள்: "செத்த பொறுங்க, அவிய உள்ள போயி பாத்துட்டுத்தான் சொல்லுவாவ."