நாலு மாச சர்வீஸ்

ஞாயித்துக்கிழமை மாமியாரைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும், அதுக்குள்ள ஒரு கார் வாங்கியே தீருவேன்னு டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரு சபதம் எடுத்தாரு.

ஊருக்கே கியர் மாத்தக் கத்துக்குடுக்கிற மனுஷன், நாலு மாசமா வீட்டுக்கு நடராஜா சர்வீஸ். ஆறு தவணை கட்டாம விட்டாரு. பேங்க் ஆளுங்க வந்து காரைத் தூக்கிட்டாங்க. பொண்டாட்டிகிட்ட மட்டும், "சர்வீஸுக்கு விட்டிருக்கேன்மா." நாலு மாச சர்வீஸாம்! அதுக்குள்ள கம்பெனிக்காரன் நாலாயிரம் கார் செஞ்சு தள்ளியிருப்பான்.

அதே மாடல், அதே கலர்ல பழைய வண்டி ஒண்ணு வாங்கி வாசல்ல நிறுத்திடணும். அதான் ஐயாவோட திட்டம். நம்பர்? "பொம்பளைங்க நம்பரா பாக்கப் போறாங்க?" எவ்வளவு திமிரு பாருங்க!

ஆனா கடன் குடுக்க ஆளில்ல. கிணத்துல விழுந்த வாளியையாவது எடுத்துடலாம்; வண்டி பறிகொடுத்தவன் கிரெடிட் ஸ்கோர் மேல வராது. பேங்க் மேனேஜரு, "வீட்டம்மா பேர்ல வேணா பாக்கலாம்"னாரு. வீட்டம்மா தையல்கடை வெச்சிருக்காங்க. மெஷின் கடனை ஒருநாள் பிந்தாம கட்டி முடிச்சவங்க.

"இந்தா, இங்க ஒரு கையெழுத்து போடு."

"என்னங்க இது?"

"சர்வீஸ் ஃபாரம். வண்டியை எடுக்கணும்ல?"

"அதுக்கு எதுக்குங்க என் கடை வருமானம்?"

"புது ரூலு. உனக்கெல்லாம் புரியாது."

"புரியாதவ கையெழுத்து செல்லுமா?"

"ஜோரா செல்லும்!"

போட்டுக் குடுத்தாங்க. வாத்தியாரு பேங்குக்கு நடக்கல, பறந்தாரு.

மேனேஜரு கம்ப்யூட்டரைப் பாத்தாரு. "ஸ்கோர் பிரமாதம் சார். ஆனா போன வாரம்தானே அம்மா எங்ககிட்ட கார் லோன் எடுத்தாங்க? ஒரு கடைக்கு ரெண்டு கார் தாங்காது."

"காரா? எந்தக் காரு?"

"பறிமுதல் வண்டி. ஏலத்துல பாதி விலைக்கு அடிச்சிட்டாங்க. இன்னிக்கு டெலிவரி."

போட்டோவைக் காட்டினாரு. பின்கதவுல ஒரு நசுங்கல். ரிவர்ஸ் எடுக்கிறது எப்படின்னு மச்சானுக்குப் பாடம் நடத்திக்கிட்டே வாத்தியாரு தூண்ல வாங்கின விழுப்புண்ணு அது!

மூச்சு வாங்க வீட்டுக்கு ஓடினா, வாசல்ல கார். ஸ்டியரிங்ல பொண்டாட்டி.

"உ... உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க கிழிச்சுப் போட்டது மூணு பேங்க் நோட்டீஸ். குப்பை கொட்டுறது யாரு, உங்க மேனேஜரா?"

"ஓட்ட எங்க கத்துக்கிட்ட?"

"உங்க ஸ்கூல்லதான். காலைல ஆறு மணி பேட்ச், இன்னொரு வாத்தியாரு. நீங்க எந்திரிக்கிறதே எட்டுக்குல்ல?"

"அப்புறம் எதுக்கு ஃபாரத்துல கையெழுத்து போட்ட?"

"நான் சொன்னா நம்புவீங்களா? அதான் மேனேஜரு மாதிரி பெரிய மனுஷன் வாயால கேட்டுட்டு வரட்டும்னு அனுப்பினேன்."

அப்பவும் வாத்தியாருக்குக் கெத்து குறையல. கையை நீட்டினாரு.

"சரி சரி, எறங்கு. நான் ஓட்டுறேன்."

"தவணை கட்டுறவங்கதான் ஓட்டணும். புது ரூலுங்க."

தொங்கிப்போன மூஞ்சியோட சுத்தி வந்து, பக்கத்து சீட்டுக் கதவைத் தொறந்தாரு.

"அங்க இல்லீங்க, பின்னாடி ஏறுங்க. முன்சீட்டுல எங்கம்மா உக்காரப் போறாங்க."