போட்டவர்தான் எடுக்க வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இனித் தன்னுடையது, அதில் மனைவிக்குப் பங்கு கிடையாது என்று ஆபரேட்டர் முடிவு கட்டிவிட்டார். மனைவியிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லுகிற துணிச்சல் இருந்திருந்தால் முடிவே தேவைப்பட்டிருக்காது.

வாரம் முழுக்கப் பொக்லைன் ஓட்டுகிறவர் அவர். பழைய மெஷின், ஆனால் சொந்த மெஷின். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கும். கையை நீட்டு என்றால் நீட்டும், மடக்கு என்றால் மடக்கும். வாய் பெரிதுதான், ஆனால் எதிர்த்துப் பேசாது. வீட்டுக்குள் அவருக்கு இந்த வசதியெல்லாம் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்தால் அங்கேதான் துணி மடிக்க வேண்டுமாம். கட்டிலில் சாய்ந்தால் விரிப்பை மாற்ற வேண்டுமாம். வாசற்படியில் உட்கார்ந்தால் வழியை மறிக்கிறாராம்.

அதனால் ஞாயிறு சாப்பிட்டதும் "மெஷினுக்கு சர்வீஸ்" என்று கிளம்பிவிடுவார். பொய் இல்லை. கிரீஸ் அடிப்பார், ஆயில் அளவு பார்ப்பார், செயினில் ஒட்டின மண்ணைச் சுரண்டுவார். அப்புறம் கேபினில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார். அந்த ஒரு தூக்கத்தை நம்பித்தான் மனுஷர் உயிரோடு இருந்தார். அதற்கும் ஆபத்து வந்தது. வாராவாரம் மனைவி வந்து கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்தாள்.

"மெஷின் மண்ணைத் தூக்கணும்னு வாங்கினோம். நீங்க அதுல தூங்குறீங்க."

"கிட்ட வராதேம்மா. சர்வீஸ் நடக்குது."

"குறட்டைச் சத்தம் கேட்டுச்சே?"

"அது எஞ்சின்."

"எஞ்சின் அணைச்சிருக்கே."

இதற்கு ஒரு வழி பண்ணியே ஆக வேண்டும் என்றுதான் அவர் பூட்டைக் கொண்டுவந்தார். முன்பு ஒரு குவாரியில் வேலை பார்த்தபோது பாதுகாப்பு வகுப்பில் கொடுத்த சிவப்புப் பூட்டு. சாப்பாட்டு நேரத்தில் அதை மேஜைமேல் வைத்து விளக்கினார்.

"மெஷின்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி பக்கெட்டைத் தரையில இறக்கணும். எஞ்சினை அணைக்கணும். பேட்டரி சுவிட்சையும் அணைச்சு, அதுல இந்தப் பூட்டைப் போட்டு, சாவியை நம்ம பையில வச்சுக்கணும். பூட்டு தொங்குதுன்னா உள்ளே ஆள் வேலையில இருக்கான்னு அர்த்தம். யாரும் கிட்டயே வரக் கூடாது."

"ரெண்டு பேர் வேலை பார்த்தா?"

மனைவி இவ்வளவு அக்கறையாக எதையும் கேட்டதில்லை. ஆபரேட்டருக்குத் தலைகால் புரியவில்லை. "ரெண்டு பூட்டு. இதோ பார், வரிசையா ஓட்டை போட்ட இரும்புப் பட்டை. இதை சுவிட்சுல மாட்டிட்டா ஆளுக்கு ஒரு பூட்டு போட்டுக்கலாம். எல்லாப் பூட்டும் எடுத்தாத்தான் மெஷின் கிளம்பும். போட்டவங்கதான் எடுக்கணும்."

"கட்டின புருஷனா இருந்தாலும் எடுக்கக் கூடாதா?"

"கடவுளே இறங்கி வந்தாலும் கூடாது."

இதை அவர் மனசாரச் சொன்னார். கூட வேலை பார்த்த மெக்கானிக் ஒருவர் விசிறி பெல்ட்டுக்குள் கை விட்டிருந்தபோது, தெரியாமல் ஒருவன் சாவியைத் திருப்பிவிட்டான். மெக்கானிக்குக்கு வலது கையில் கட்டைவிரல்தான் மிச்சம். அன்றிலிருந்து ஆபரேட்டர் எதில் ஏமாற்றினாலும் பூட்டு விஷயத்தில் ஏமாற்ற மாட்டார்.

அந்த ஞாயிறு பட்டையை மாட்டினார், பூட்டைப் போட்டார், ஏறினார், தூங்கினார். யாரும் தட்டவில்லை. இப்படி ஒரு தூக்கம் கல்யாணத்துக்கு முன்னால் தூங்கியது. எழுந்து இறங்கித் தன் பூட்டைக் கழற்றினார். பட்டையில் இன்னொரு பூட்டு தொங்கியது. வீட்டு பீரோவுடையது. பக்கத்தில் நாற்காலி போட்டு மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"இது என்ன?"

"பூட்டு."

"அது தெரியுது. எதுக்கு?"

"நானும் சர்வீஸ்ல இருக்கேன்."

"எந்த மெஷினுக்கு?"

"வீட்டுக்கு. கொல்லைக் கதவு கத்துது. குழாய் சொட்டுது. கட்டில் ஆடுது. எல்லாம் முடிஞ்சதும் எடுத்துடுறேன்."

"நாளைக்குக் காலையில குளம் தூர் வாரணும்மா. அங்க விவசாயி காத்துக்கிட்டிருப்பார்."

"நானும்தான் காத்துக்கிட்டிருக்கேன். கதவு கத்த ஆரம்பிச்சப்போ உங்களுக்கு முடி கறுப்பு."

கொட்டகைச் சுவரில் இரும்பு அறுக்கிற ரம்பம் மாட்டியிருந்தது. ஆபரேட்டர் அதைப் பார்த்தார். அந்தக் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. அடுத்தவர் பூட்டில் கை வைக்க அவரால் முடியாது. அது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அழுகைதான் வந்தது.

கிரீஸ் அடிக்கிற கன்னை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். கொல்லைக் கதவின் கீலுக்குப் பொக்லைன் கணக்கில் கிரீஸ் அடித்ததில் கதவு காற்று வீசாமலே ஆடியது. அதைத் துடைக்க அரை மணி நேரம். குழாயை விரலால் தடவிப் பார்க்கப் போனார்.

"கையை எடுங்க. ஹோஸ்ல கசிவு இருந்தா கை வைக்கக் கூடாது, அட்டையை வச்சுப் பார்க்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது ஹைட்ராலிக் ஹோஸ். பிரஷர்ல தோலைக் கிழிச்சு உள்ளே போயிடும். இது சமையலறைக் குழாய்."

"எதுவா இருந்தா என்ன, பாதுகாப்பு முக்கியம்." அட்டையும் கொடுத்தாள்.

கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போல்ட்டை முறுக்கும்போது, "கொஞ்சம் விளக்கையாவது பிடியேன்" என்று கெஞ்சினார்.

"வேலை நடக்கும்போது மெஷின் கை வீசுற தூரத்துக்குள்ள யாரும் வரக் கூடாது. உங்க சட்டம்தான்." அவள் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

எல்லாம் முடிய இருட்டிவிட்டது. முதுகு அவருடையது மாதிரியே இல்லை. மனைவி ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடிப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து எழுந்தாள். "பரவாயில்லை" என்று சாவியையும் கிரீஸ் கன்னையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு முன்னால் நடந்தாள். கொல்லை வேலியோரம் நின்றிருந்த தெருப் பெண்கள் ஏனோ இவரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்கள். பதிலுக்கு அவரும் சிரித்து வைத்தார். நாளைக்கு எப்படியோ குளத்துக்குப் போய்விடலாம், அடுத்த ஞாயிறு எப்படியோ தூங்கிவிடலாம் என்று மனசுக்கு ஒரு தெம்பு வந்தது.

சொன்ன சொல் தவறாமல் மனைவி தன் பூட்டைக் கழற்றினாள். ஆபரேட்டர் பட்டையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. விளக்கைக் கிட்டே கொண்டுபோனார். ஒரு பித்தளைப் பூட்டு, ஒரு சைக்கிள் பூட்டு, பெட்டிக்குப் போடுகிற குட்டிப் பூட்டு ஒன்று.

"இதெல்லாம் யாருது?"

"எதிர் வீட்டு அக்கா, பக்கத்து வீட்டு அக்கா, மாடி வீட்டுப் பொண்ணு. நீங்க கட்டிலுக்கு அடியில இருந்தப்போ வந்து போட்டுட்டுப் போனாங்க."

"எடுத்துடும்மா."

"நான் எப்படிங்க எடுக்கிறது? போட்டவங்கதானே எடுக்கணும்?"

ஆபரேட்டர் பொக்லைனின் செயின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மனைவி கிரீஸ் கன்னை அவர் மடியில் வைத்து, ஆறுதலாகத் தோளைத் தட்டினாள்.

"மூணே வீடுதாங்க. மத்தவங்களுக்கு ஓட்டை பத்தலை, அடுத்த ஞாயிறுக்குச் சொல்லி வச்சிருக்காங்க."