வேட்டியில் ஏறிய மாடு

ஜவ்வாது மலை,
ஜமுனாமரத்தூர் அஞ்சல்.

பெருமதிப்பிற்குரிய மைத்துனரும், ஒடுகத்தூர் கடைத்தெருவில் தையற்கடை வைத்து ஊரார் மானத்தைக் காத்து வருபவருமாகிய முனிசாமி மச்சான் அவர்கள் சமூகத்திற்கு, தங்கை கணவன் ரங்கசாமி கைகூப்பி எழுதிக்கொள்வது என்னவென்றால், இங்கே நானும் கோழிகளும் சுகம். உங்கள் தங்கை அம்சவல்லியும் சுகமாக இருப்பதாகவே தெரிகிறது. அவளைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கேட்டு எழுதும் நிலையில் நான் இல்லை. பொங்கல் கழிந்ததிலிருந்து அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பீர்கள். எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறைமேல் மட்டும்தான். அந்தப் பாறையில் நல்ல வெளிச்சம் என்று சொல்லி உங்கள் தங்கையும் அவள் குழுப் பெண்களும் காலையிலிருந்து ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் நடுவில் நின்றுகொண்டு அவளைப் பற்றி உங்களிடம் புகார் சொல்ல எனக்குத் துணிச்சல் போதாது. ஆகவே இந்தக் கடிதம். யாரையும் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் தீபாவளிக்கு ஒரு பெட்டி நிறைய வண்ண நூலையும் பூத்தையல் வளையத்தையும் தங்கைக்கு அனுப்பிவைத்தது யார் என்பதை நீங்களே ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

விஷயம் எங்கள் மாட்டில் ஆரம்பித்தது. நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு ஒரு செவலைப் பசு இருந்ததே, போன முறை வந்தபோது உங்கள் புதுச் சட்டையை நக்கியதே, அந்தச் சுட்டிதான். கூரைக்குத் தகடு மாற்ற வேண்டும், மாட்டை விற்றுவிடலாம் என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் பேசி முடிவெடுத்தோம். அதில் சண்டை எதுவும் இல்லை. கலசப்பாக்கத்திலிருந்து சுரேஷ் என்று ஒரு பால்பண்ணைக்காரர் குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். அம்சவல்லி அந்த நேரம் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வாங்குகிறவன் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும், விற்கிறவன் தன் பழைய கயிற்றை அவிழ்த்து வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும், கயிறு போனால் அதன் பின்னாலேயே மாட்டு யோகமும் போய்விடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த ஆள் கொண்டுவந்த நைலான் கயிற்றைப் பார்த்தால் கோழியைக் கட்டக்கூடக் காணாது. "அண்ணே, மலைப்பாதை முழுக்க வளைவுங்க. நடுவுல மாடு துள்ளுச்சின்னா நானும் வண்டியும் பள்ளத்துலதான். கயிறோடவே வுட்டுடுங்கண்ணே, பெரிய மனசு பண்ணி" என்றார். பெரிய மனசு என்று ஒருவர் நேருக்கு நேர் சொல்லிவிட்ட பிறகு சின்ன மனசாக நடந்துகொள்ள என்னால் முடியவில்லை. கொடுத்துவிட்டேன். வண்டிக்குக் கைகூட ஆட்டினேன்.

அம்சவல்லி வந்தாள். வெறும் முளைக்குச்சியைப் பார்த்தாள். "மாடு போச்சி, சரி. கயிறு எங்க?" என்றாள். நான் சொன்னேன். அவள் அரிசிப் பையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனாள். அதுதான் மச்சான், அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. அன்றிலிருந்து எனக்குச் சேர வேண்டிய செய்தி எல்லாம் கோழிக்குத்தான் போகிறது. "சோறு ஆறினு கெடக்குதுன்னு சொல்லு", "கரண்ட் பில்லு கட்டாம சுத்தினு கீறாங்கன்னு சொல்லு" என்று கோழியிடம் சொல்வாள். அது கொக்கரித்துவிட்டுப் போகும். நான் எழுந்து கைகழுவுவேன். கயிறுதானே என்று ஜமுனாமரத்தூர் போய் நல்ல மஞ்சள் கயிறாகப் பார்த்து வாங்கிவந்து முளைக்குச்சியில் மாட்டினேன். மறுநாள் அதில் துணி காய்ந்தது.

இதற்கு நடுவில்தான் உங்கள் நூல்பெட்டி வேலையைக் காட்டியது. மகளிர் குழுவுக்குப் பூத்தையல் சொல்லிக்கொடுக்க நீலாவதி என்று ஓர் அம்மா மலை ஏறி வந்துபோகிறார். நல்ல மனுஷி. தலையணை உறையில் போடுவதற்கு ரோஜாப்பூவும் மயிலும் அச்செடுத்து வந்து கொடுத்தார். மயிலைப் பார்த்ததும் பக்கத்து வீட்டு ரஞ்சிதம் துணியைக் கீழே வைத்துவிட்டாள். "வெள்ளாமையெல்லாம் தின்னு தீக்கிற சனியன், அத்த தலகாணியில வேற வெச்சி அழகு பாக்கணுமா?" என்றாள். அதோடு மயிலின் கதை முடிந்தது. அவரவர் தங்கள் வீட்டு மாடு, ஆடு, நாய் என்று போட ஆரம்பித்தார்கள். போட்டால் போட்டதோடு விடுகிறார்களா? சும்மா ஓர் ஆடு என்று எங்கள் ஊரில் கிடையாதே, எல்லாமே இன்னார் வீட்டு ஆடுதானே. ரஞ்சிதம் தன் வெள்ளாட்டை இரண்டு காதும் முழுசாக வைத்துத் தைத்துவிட்டாள். "உன் ஆட்டுக்கு எடது காது கிழிஞ்சி தொங்குமே, இது யாரு வூட்டு ஆடு?" என்று பாறையே கேள்வி கேட்டது. பாவம், உட்கார்ந்து பிரித்துவிட்டு மறுபடியும் கிழிந்த காதாகத் தைத்தாள். நீலாவதி அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு, "கிழியாத காதுதாம்மா விக்கும்" என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அம்சவல்லி என்ன தைக்கிறாள் என்று எனக்குக் காட்டவே இல்லை. கோழிக்குக் காட்டியிருக்கலாம். சந்தவாசலில் நம் மோகன் கல்யாணத்துக்கு விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று நான் கிளம்பினேன். கரண்ட் இல்லை. மூக்குக்கண்ணாடி போட்டும் கண் தெரியவில்லை, அவளிடம் கேட்கவும் வழியில்லை. பெட்டியில் கையை விட்டு என் பட்டுக்கரை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். பின்பக்கம் கொஞ்சம் கனமாக இருப்பதுபோல்தான் இருந்தது. கஞ்சி அதிகமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். மண்டபத்தில் நான் போகிற இடமெல்லாம் எனக்குப் பின்னால் ஒரு கூட்டம் வந்தது. சரி, மலையிலிருந்து வந்த பெரிய மனிதர் என்று மரியாதை செய்கிறார்கள் போலிருக்கிறது என்று நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். பந்தியில் உட்காரப் போகும்போது எங்கள் ஊர் சக்திவேல் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "ரங்கசாமி, திரும்பு. இது உங்க வூட்டு சுட்டிதானே?" என்றார். இடுப்பிலிருந்து கணுக்கால் வரைக்கும் என் பின்னால் சுட்டி நின்றுகொண்டிருந்தது மச்சான்! நெற்றிச் சுட்டி, வளைந்த வலது கொம்பு, வாலில் ஒட்டிய சாணிகூட அப்படியே பச்சை நூலில் இருந்தது. தைத்தவள் என் பெண்டாட்டி என்று சொல்ல எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சக்திவேல் குனிந்து மாட்டின் கழுத்தைப் பார்த்துவிட்டார். "இன்னாப்பா, கயிறக் காணம்?"

ஒரு பந்திச் சனமும் எட்டிப்பார்த்தது. நான் பொய் சொல்லியிருக்கலாம். வடையைப் பார்த்த நேரத்தில் எனக்குப் பொய் வரவில்லை. கயிறோடு அனுப்பிவிட்டேன் என்றேன். ஒரு கிழவி வாயில் போட்ட வெற்றிலையைத் துப்பிவிட்டாள். தன் கிடேரியை வாரத்துக்கு விடுவதாகச் சக்திவேல் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். நான் வளர்ப்பது, ஈனும் கன்றுகளை இரண்டு பேரும் பங்கிட்டுக்கொள்வது என்று பேச்சு. அதை அங்கேயே, ரசம் ஊற்றுகிற இடத்திலேயே, வாபஸ் வாங்கிவிட்டார். "கயித்தத் தூக்கிக் குடுத்தவன் வூட்ல மாடு நிக்காதுப்பா. கோச்சிக்காத" என்றார். இப்போது மலையிலும் அடிவாரத்திலும் எனக்கு மாடு தர ஆளே இல்லை. பஸ்ஸில் வீடு வரும்வரை நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது, மாட்டின்மேல் உட்கார மனம் வரவில்லை.

நான் திரும்பி வந்ததும் உங்கள் தங்கை வேட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ரசக்கறை எதுவும் இல்லை என்று தெரிந்ததும் மறுபடியும் வளையத்தில் மாட்டினாள். கழுத்திலிருந்து முளைக்குச்சி வரைக்கும் பழுப்பு நூலில் ஒரு கயிறு போட்டாள். வெறும் கோடாக இல்லை மச்சான், நிஜக்கயிறுபோல முறுக்கு முறுக்காக. அதைப் போட்டு முடிக்கும்வரை அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மனசு என்னவோபோல் ஆகிவிட்டது. இந்த வயதில் ஒரு கயிற்றுக்காக அழலாமா என்று உள்ளே போய்விட்டேன்.

கோடை விழா வந்தது. நீலாவதி அம்மா எல்லாத் துணிகளையும் கொண்டுபோய் ஒரு கடை போட்டார். நடுவில் என் வேட்டி. கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போன வேட்டிக்குப் பக்கத்தில் நின்று சனங்கள் படம் எடுத்துக்கொள்வதைப் பார்க்கிறபோது ஒரு மனிதனுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. சென்னையிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு அது ரொம்பவும் பிடித்துப்போய்விட்டது. விலை எல்லாம் பேசி முடிந்தது. மடித்துக் கொடுக்கிற நேரத்தில் அம்சவல்லி ஊசியை எடுத்தாள். "மாட்ட எடுத்துக்கங்க. கயிறு எங்குளுது" என்று சொல்லிவிட்டு, அத்தனை கூட்டத்துக்கு முன்னால் அந்தக் கயிற்றை ஒவ்வொரு தையலாகப் பிரித்து நூலை விரலில் சுற்ற ஆரம்பித்தாள். "அய்யோ, கயிறு இருந்தாத்தாம்மா அழகு" என்று நீலாவதி அம்மா கையைப் பிடித்தார். விடவில்லை. அவளைப் பார்த்து ரஞ்சிதமும் ஆட்டை அவிழ்த்தாள். அப்புறம் கடையில் இருந்த ஆடு மாடு எல்லாவற்றையும் பெண்கள் அவிழ்த்துவிட்டார்கள். நாய்களை மட்டும் தொடவில்லை; அவை முதலிலிருந்தே கட்டாமல்தான் இருந்தன.

அந்தச் சென்னை அம்மா கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று எல்லோரும் பயந்தோம். அவர் காரணம் கேட்டார். ரஞ்சிதம் சொன்னாள். அவர் நேராகப் பக்கத்து வளையல் கடைக்குப் போய் ஒரு சிவப்பு ரிப்பன் வாங்கிவந்து, "புதுக்கயிறு. இது போதுமா?" என்று கேட்டார். அம்சவல்லி அதைச் சுட்டியின் கழுத்தில் நாலு தையல் போட்டு அனுப்பிவைத்தாள். சென்னை அம்மாவுக்குப் புரிந்தது கலசப்பாக்கத்துச் சுரேஷுக்குப் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. கூட்டத்துக்கு மேலாக உங்கள் தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆகையால் உங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்வது என்னவென்றால், நீங்கள் கடையை ஒருநாள் பூட்டிவிட்டுக் கலசப்பாக்கம் போங்கள். சுரேஷிடம் கெஞ்சியோ மிரட்டியோ அந்தப் பழைய கயிற்றை வாங்குங்கள். நானே போயிருப்பேன், அந்த ஆள் மறுபடியும் பெரிய மனசு என்று ஆரம்பித்தால் நான் வேட்டியையும் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. கயிறு வந்தால்தான் இந்த வீட்டில் மாடு நிற்கும். மாடு நிற்காவிட்டாலும் பரவாயில்லை. அவள் பேச வேண்டும். கோழி மூலமாகக் குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவனுக்குத்தான் தெரியும். அது பாதிச் செய்தியில் புழுவைப் பார்த்து ஓடிவிடுகிறது.

அக்கா ரேணுகாதேவி அவர்களுக்கு என் வணக்கம். குழந்தைகள் நன்றாகப் படித்து, எந்தக் கயிற்றையும் யாருக்கும் கொடுக்காமல், நீடூழி வாழ நம் மலைத்தெய்வங்கள் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டியவனும் தங்கள் உதவியை நம்பியிருப்பவனுமாகிய,
ரங்கசாமி.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் பசைக்குச் சோறு எடுக்க வெளியே வந்தேன். அம்சவல்லி ஒரு புதுத்துணியில் தைத்துக்கொண்டிருந்தாள். விழாவில் பிரித்துச் சுற்றிவந்த அதே பழுப்பு நூல். துணியில் ஒரு கிடா. கழுத்தில் அந்தக் கயிறு, மறுமுனை எங்கள் வாசல் தூணில் இறுக்கிக் கட்டியிருந்தது. நம் வீட்டில் கிடா ஏது என்று எனக்குக் குழப்பம். "யாரு வூட்டு கிடா இது?" என்று வழக்கம்போலக் கோழியிடம்தான் கேட்டேன். அம்சவல்லி நிமிர்ந்து என்னைப் பார்த்து, ஆமாம் மச்சான், என்னைப் பார்த்தே, "நம்ம வூட்டுதுதான். அவுத்து வுட்டா வூட்ல கீறதெல்லாம் எவனுக்காச்சும் தூக்கிக் குடுத்துட்டு வந்து பல்ல இளிச்சினு நிக்குது. அதான் கட்டிப் போட்டுட்டேன்" என்றாள். இதையும் விற்கப் போகிறாயா என்று கேட்டேன். "இத்த எவன் வாங்குவான்?" என்று சிரித்தாள். ஆகவே நீங்கள் கலசப்பாக்கம் போக வேண்டாம். சுரேஷே அந்தக் கயிற்றை வைத்துக்கொள்ளட்டும். மேலே நூல்பெட்டியைப் பற்றி எழுதியதையும் மனதில் வைக்க வேண்டாம். கறுப்பு நூல் தீர்ந்துவிட்டதாம், இரண்டு கண்டு அடுத்த பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். கிடாவுக்கு இன்னும் மூக்குக்கண்ணாடி போடவில்லை.